யார்மீது விழுகிறது நம் நிழல்?

காரைக்காலில் ஆண்டுக்கு இருமுறை நிழல் மறைந்துவிடுகிறது. ஏப்ரல் 19-ஐ ஒட்டிய நாளிலும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டிய நாளிலும், நண்பகல் பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடங்களுக்குப் பின் வெட்டவெளியில் ஒரு கம்பை நேராக நிறுத்திப் பார்த்தால் அதன் அடியில் நிழல் இராது. ஊர் வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், வடசெலவின் போதும் திரும்பி வரும்போதும் கதிரவன் நம் உச்சிக்கு நேராக ஒவ்வொரு முறை நிற்கிறது. அதே கம்பு ஒரு மீட்டர் உயரம் கொண்டதாக இருப்பின், டிசம்பர் 22 நண்பகலில் அதன் நிழல் 68 சென்டிமீட்டர் அளவுக்கு வடக்கே நீண்டு கிடக்கும்.

தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நமக்கு இக்கணக்கு இன்று தேவைப்படுவதில்லை. முன்னோருக்கு இதுவே கடிகாரம். நண்பகல் நிழல் கிழக்கு நோக்கிச் சாயத் தொடங்கியதும் லுஹர். ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த அளவை நீக்கிப் பார்க்கையில் அப்பொருளின் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. அது இருமடங்காக வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சோழ மண்டலக் கரையோரத்து ஷாஃபிஈ பள்ளிவாசல்களிலும் உள்நாட்டு ஹனஃபி பள்ளிவாசல்களிலும் அஸர் பாங்கு வெவ்வேறு நேரத்தில் ஒலிப்பதன் காரணம் இந்த ஒரு நிழலளவே. நிழலே இல்லாத அந்த ஏப்ரல் நாளில், காரைக்காலில் கம்பும் நிழலும் சமமாக மாலை மூன்றேகால் மணியளவு ஆகும்.

இந்தக் கணக்கையே ஒரு தனிநூலாக விரித்தவர் அல்பீரூனி (ரஹ்). கி.பி. 973-இல் பிறந்த அவர், 1021-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிழல்களைப் பற்றி மட்டும் ஒரு பெருநூல் எழுதினார். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் ‘டேன்ஜென்ட்’ என்று மனப்பாடம் செய்யும் விகிதத்திற்கு அரபுக் கணித அறிஞர்கள் இட்டிருந்த பெயர் ‘ளில்’, அதாவது நிழல். அல்குர்ஆனின் ஃபுர்கான் அத்தியாயம் நிழலை இறைவன் நீட்டுவதையும் கதிரவனை அதற்கு வழிகாட்டி ஆக்கியதையும் சிந்திக்கச் சொல்கிறது. ரஃது அத்தியாயம் காலையும் மாலையும் நிழல்களும் இறைவனுக்குச் சிரம்பணிவதைக் கூறுகிறது. மஹ்ஷரில் வேறெந்த நிழலும் இல்லாத நாளில் நிழல் பெறும் ஏழு வகையினரை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸை நம் வீடுகளில் அறியாதோர் குறைவு. ஆக, நம் மரபில் நிழல் என்பது அளவுகோல், சிரம்பணிவு, அடைக்கலம்.

ஐரோப்பிய உளவியலில் அச்சொல்லுக்கு வந்த பொருள் வேறு. நான் இதனை எழுத முற்பட்டதும் அவ்வேறுபாட்டின் பொருட்டே.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் கார்ல் குஸ்தாவ் யூங் (1875–1961) மனிதன் தன்னுள் இருப்பதாக ஏற்க மறுக்கும் பண்புகளின் தொகுப்பிற்கு ‘நிழல்’ என்று பெயரிட்டார். அழுக்காறு, பேராசை, கோழைத்தனம், சிறுமை ஆகியவற்றை நாம் நம்மிடம் காண்பதில்லை. காணாததால் அவை அழிந்துபோவதும் இல்லை. அவை வெளியே வந்து பிறர்மீது விழுகின்றன. நம்மிடம் உள்ள கஞ்சத்தனம் பக்கத்து வீட்டாரிடம் பளிச்செனத் தெரிகிறது. நம் தற்பெருமை மைத்துனரிடம் பொறுக்க முடியாததாகிறது. ஒருவர்மீது காரணத்தை மீறிய வெறுப்பு எழுமாயின், அங்கே நம் நிழல் விழுந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1951-இல் வெளிவந்த ‘அயோன்’ என்னும் நூலில் இதற்கென ஒரு தனி இயலே உண்டு.

நம்மவர் பலர் அறியாத ஒரு செய்தி இதில் உள்ளது. யூங் இக்கருத்தை விளக்க எடுத்துக்கொண்ட நூல்களுள் சூரத்துல் கஹ்ஃபும் ஒன்று. நாம் ஜும்ஆ நாள்தோறும் ஓதும் அதே 18-ஆம் அத்தியாயம். 1939-இல் அவர் மறுபிறப்பு பற்றி ஆற்றிய சொற்பொழிவில், குகைத் தோழர்களின் வரலாற்றையும் மூஸா (அலை) ஹிழ்ர் (அலை) சந்திப்பையும் மனமாற்றத்தின் வடிவங்களாக விளக்கினார். இரு கடல்கள் கூடும் இடத்தைத் தேடி மூஸா (அலை) அவர்கள் தம் பணியாளருடன் செல்கிறார்கள். உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் வழியில் கடலுக்குள் நழுவிவிடுகிறது; அதைச் சொல்ல மறந்தவர் அப்பணியாளர். ஹதீஸ்கள் அவரை யூஷஉ பின் நூன் என்று அறிவிக்கின்றன. யூங்கின் விளக்கத்தில் அப்பணியாளர் மூஸா (அலை) அவர்களின் ‘நிழல்’.

இவ்விளக்கத்தை நாம் தஃப்ஸீராக ஏற்க வேண்டியதில்லை, ஏற்கவும் இயலாது. யூஷஉ (அலை) அவர்களை மூஸா (அலை) அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற நபியாகவே நம் அறிஞர்கள் போற்றுகின்றனர். அவரைத் தலைவரின் தாழ்ந்த பாதியாகப் பார்ப்பது யூங்கின் கற்பனை. ஆயினும் அவர் ஹிழ்ர் (அலை) அவர்களைப் பற்றி அறிந்துகொண்ட விதம் நெஞ்சைத் தொடுவது. 1925-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பயணம் செய்தபோது அவருடைய குழுவின் தலைமைப் பணியாளராக இருந்தவர் ஸூஃபி மரபில் வளர்ந்த ஒரு சோமாலியர். ஹிழ்ர் (அலை) அவர்களைத் தெருவில் ஒரு மனிதராகக் காணலாம், இரவில் வெண்ணிற ஒளியாகக் காணலாம் என்றெல்லாம் சொல்லிவந்த அவர், புன்னகையுடன் ஒரு புல்லிதழைக் கிள்ளி, இவ்வுருவிலும் அவர் வரக்கூடும் என்றாராம். யூங்கைக் குர்ஆனை அறிந்தவர் என்று மதித்தவர் அவர். அதே பத்தியில், அந்த மனிதருக்குக் குர்ஆன் அறிவு அதிகமில்லை என்ற பொருள்பட ஒரு சிறு குத்தலையும் யூங் சேர்த்திருக்கிறார். தமக்குக் கதை சொன்ன பணியாளரைப் பற்றியும் கதையில் வரும் பணியாளரைப் பற்றியும் ஒரே தொனி. நிழலைப் பற்றி எழுதியவரின் நிழல் அங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் மரபிற்கு வருவோம். ‘நிழல்’ என்ற பெயர் இல்லாவிடினும் அப்பொருளை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது பகுதிகள் கொண்டது. அதன் 22-ஆம் பகுதி நஃப்ஸைப் பயிற்றுவிப்பது பற்றியது. தன் குறையைத் தானே காண்பது ஏன் கடினம், அதைக் கண்டறிய எவை வழிகள் என்று அங்கே இமாமவர்கள் ஆராய்கிறார்கள். அவர்கள் காட்டும் வழிகள் நான்கு. உள்ளத்தின் நோய்களை அறிந்த ஓர் ஆசானிடம் தன்னை ஒப்படைப்பது முதலாவது. முகத்துக்கு நேரே குறை சொல்லும் உண்மை நண்பனைத் தேடிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, எதிரியின் வாயிலிருந்து கற்பது. புகழும் நண்பனைவிடக் குறை தேடும் பகைவனே இதில் பயனுள்ளவன். நான்காவதை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். மக்களோடு கலந்து பழகி, அவர்களிடம் காணும் ஒவ்வோர் இழிகுணத்தையும் தன்னிடம் இருப்பதாகக் கருதித் தேடிப் பார்ப்பது. பிறர்மீது விழும் நிழலைப் பின்தொடர்ந்து அதன் மூலத்திற்கே திரும்பி வருவது இந்நான்காம் வழி. யூங்கிற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது எழுதப்பட்டுவிட்டது.

இருவருக்கும் வேறுபாடும் உண்டு. யூங்கின் நோக்கு நிழலை ஏற்று, தன்னோடு இணைத்து, முழுமை அடைவது. இமாமவர்களுக்கு நஃப்ஸ் கணக்குக் கேட்கப்பட வேண்டியது, பழக்கப்படுத்தப்பட வேண்டியது. ஆனால் சினத்தையும் இச்சையையும் வேரோடு பிடுங்கி எறிவதே நோக்கம் என எண்ணுவோரை அவர்கள் மறுக்கிறார்கள். குதிரையும் வேட்டைநாயும் பழக்கப்பட்டால் பயன் தரும், கொன்றால் பயனில்லை என்பது அவர்களின் உவமை. இவ்விடத்தில் இருவரும் எதிரெதிர் துருவங்கள் என்று சொல்லிவிட முடியாது.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கும் முன்னரே, ஸஹாபாக்களின் காலத்திலேயே, இதற்கு ஒரு தெளிவான நிகழ்ச்சி உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரோடு ஏற்பட்ட சச்சரவில் அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். புகாரியில் அம்மனிதரின் பெயர் இல்லை. வேறு அறிவிப்புகள் அவர் பிலால் (ரலி) என்கின்றன. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, அபூதரிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் எஞ்சியிருப்பதாக அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இந்த முதிய வயதிலுமா என்று அபூதர் (ரலி) வியந்து கேட்டார்கள். ஆம் என்பதே விடை. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையும் அவர்களுக்குக் கொடுங்கள் என்னும் கட்டளை இந்நிகழ்ச்சியில்தான் வருகிறது. ஆரம்ப காலத்திலேயே ஈமான் கொண்டவர், துறவைப் போன்ற எளிமையில் வாழ்ந்தவர், தம்முள் அது எஞ்சியிருப்பதை அறியவில்லை. அந்த வியப்புக் கேள்விதான் என்னை நெடுநாளாக உறங்கவிடாமல் செய்வது.

ஏனெனில் அவர்களின் நிழல் எங்கும் விழாமல் ஒரு கறுப்பு மனிதரின் தாய்மீது விழுந்தது. நிழல் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை.

இதை உளவியலுக்கு எடுத்துக்காட்டியவர் ஃபிரான்ஸ் ஃபனோன். 1925-இல் கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கில் பிறந்த உளமருத்துவர். 1952-இல் வெளியான ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்னும் நூலில் அவர் யூங்கோடு வழக்காடினார். யூங் 1920-இல் வட ஆப்பிரிக்காவில் இருந்தபோது ஓர் அரபு இளவரசனோடு மல்லுக்கட்டுவதாகக் கனவு கண்டு, பிற்காலத்தில் அவ்வுருவைத் தம் நிழலின் ஒரு வடிவமாக விளக்கியவர். ஐரோப்பியனின் கனவில் நிழல் ஏன் அரபியாகவோ கறுப்பராகவோ வர வேண்டும்? அது பிறவியிலேயே மூளையில் பதிந்து வருவதன்று, ஒரு சமூகம் தன் கதைகளாலும் முன்முடிவுகளாலும் பிள்ளைகளுக்குப் புகட்டுவது என்பது ஃபனோனின் விடை. அடிமைப்பட்ட தீவின் கறுப்புப் பிள்ளையும் அதே கதைகளைப் படித்துத் தன்னையே இருளாக எண்ணத் தொடங்குகிறது என்பதையும் அவர் காட்டினார்.

1953-இல் அவர் அல்ஜீரியாவின் பிலிதா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் பெண்களின் பிரிவில் பயன் தந்த குழு மருத்துவ முறை முஸ்லிம் ஆண்களின் பிரிவில் தோற்றுப்போனது. குறை நோயாளிகளிடம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அக்காலத்துக் காலனிய மருத்துவம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஃபனோன் குறையைத் தம் முறையில் தேடினார். காஃபிக் கடை ஒன்று அமைத்தார், பெருநாட்களைக் கொண்டாட ஏற்பாடு செய்தார், கதைசொல்லி ஒருவரை வரவழைத்தார். நோயாளிகள் பேசத் தொடங்கினர். தாமும் தம் உடன்பணியாளரும் முதலில் செய்த தவற்றை ஒளிக்காமல் 1954-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நான்காம் வழியை, அப்பெயர் அறியாமலே, ஒரு மருத்துவமனை வார்டில் நடத்திக் காட்டியவராக அவரை நான் பார்க்கிறேன்.

ஃபனோனின் மார்ட்டினிக்கிற்கும் நம் காரைக்காலுக்கும் ஒரு கப்பல்வழி உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. அக்காலத்து வணிகம், சைகோன் பயணம், பிரெஞ்சுக் குடியுரிமை, ஓய்வூதியம் ஆகியவை பற்றி நம் வீடுகளில் கதை கதையாகப் பேசுவோம். மரக்காயர்களின் கப்பல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மஃரிப் பாங்கு சொல்லும்வரை பேச்சு நிற்காது. பேசாத ஒன்று உண்டு. 1848-இல் பிரெஞ்சு அரசு தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகளாயின. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 300 இந்தியரோடு மார்ட்டினிக் சென்று சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் முதல் கப்பல் போயிற்று. அடுத்துவந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்ட்டினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். ரியூனியன் தீவுக்குப் போனவர்கள் இக்கணக்கில் இல்லை.

காரைக்கால் சிறிய ஊர். அத்தனை பேரும் இங்கே பிறந்தவர்கள் அல்லர். எல்லைக்கு அப்பால் ஆங்கில ஆட்சியிலிருந்த தஞ்சை மாவட்டத்திலிருந்து பலர் அழைத்து வரப்பட்டனர். ஆங்கில அரசு முறையிட்டு, 1860, 1861 ஆண்டுகளின் உடன்படிக்கைகளுக்குப் பின் தன் முகவர்களை இத்துறைகளில் அமர்த்தியது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, திரும்பக் கப்பல்செலவு உண்டு என்பது வாக்குறுதி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாத அளவில் பயணம். போனவர்களில் மிகப் பலர் திரும்பவேயில்லை. 1888-இல் ஆங்கில அரசு இந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது.

ஏறியவர்கள் யார்? பல சாதியினரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். ஆயினும் பெரும்பங்கினர் நிலமற்ற உழவுத் தொழிலாளர், பண்ணையடிமையாய்க் கிடந்தவர்கள். அவர்களுள் பலரின் நிழல் பட்டாலே தீட்டு என்று இந்த மண் சொல்லி வந்தது. உளவியல் உவமையாகச் சொன்னதை நம் ஊர் வழக்கம் சொல்லுக்குச் சொல் நடத்திக் காட்டியது. மேட்டுக்குடியினர் தம்மிடம் காண விரும்பாத அழுக்கு முழுவதையும் சிலர்மேல் ஏற்றி, பின்பு அவர்களின் நிழலையும் அஞ்சினர்.

தீண்டாமை நம்மிடம் இல்லை என்று நாம் உடனே சொல்வோம். ஒரே ஸஃப்பில் நிற்கிறோம், ஒரே தட்டில் உண்கிறோம்; உண்மைதான், அது சிறு பேறு அன்று. ஆனால் சம்பந்தம் பேசும் நாளில் என்ன நடக்கிறது? மரக்காயர், ராவுத்தர், லெப்பை என்ற கேள்வி எந்த வீட்டில் எழுவதில்லை? அரபு வம்சம் என்று பெருமை பேசும் நாம், தலைமுறை தலைமுறையாக நாவிதத் தொழில் செய்த குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்குவதில்லையா? அக்குடும்பத்தாரைக் குறிக்க நம் வீட்டுப் பெரியவர்கள் வழங்கும் சொல்லைப் பிள்ளைகள் முன் நான் எழுத மாட்டேன். இந்த முதிய வயதிலுமா என்ற அபூதர் (ரலி) அவர்களின் கேள்வியை நாம் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

கப்பலேறியவர்கள் தம்மோடு எதை எடுத்துச் சென்றனர் என்பது வியப்புக்குரியது. மார்ட்டினிக்கில் தமிழர் வழித்தோன்றல்களின் சடங்குகளில் ‘நாகூமிலா’ என்றொரு பெயர் ஒலிக்கிறது. ரியூனியனில் அது ‘நர்குலான்’. அங்கே அவர் பெயரால் கொடிமரம் நாட்டிக் கொடி ஏற்றுகின்றனர். இரண்டும் ‘நாகூர் மீரான்’ என்பதன் தேய்வு. காரைக்காலுக்குத் தெற்கே சிறு தொலைவில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பெயர். அங்கே நடக்கும் சடங்கு நம் மார்க்க முறை அன்று. மாரியம்மன் வழிபாட்டோடு கலந்தது. அதைக் குறித்து ஃபத்வா எழுதுவது என் வேலையும் அன்று. இக்கரையில் கடைசியாகக் கண்ட மினாராவையும், கடலோடிகள் நேர்ந்துகொள்ளும் பெயரையும், மூன்று மாதக் கடலுக்கு அப்பாலும் அவர்கள் பற்றிக்கொண்டிருந்தனர் என்பதையே நான் காண்கிறேன். அவர்கள் நம்மை மறக்கவில்லை.

இங்கே 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பி வந்தது. காரைக்கால் மக்களும் வாக்களித்தனர். இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள், பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தும், அவ்வுரிமை பெறவில்லை. குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் 1863-இல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்தியர் பிள்ளைகளின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என 1904-இல் வழக்கில் இறங்கினார். 1923-இல்தான் அது அவர்களுக்குக் கிடைத்தது. அவர் 1952 வரை வாழ்ந்தார். சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி போன்ற பெயர்கள் இன்றும் அத்தீவுகளில் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அத்தீவுகளிலிருந்து சிலர் மூதாதையரின் ஊரைத் தேடிக் காரைக்கால் கடற்கரைக்கும் வருகிறார்கள். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று, எந்தத் துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது என்று கேட்கிறார்கள்.